வேண்டாமக்காவும் அவசரப் புயல்களும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் அது அவளுக்கே ஞாபகம் வரும். டிக்கெட் கிழிப்பவர், கயிறு கட்டுபவர், கப்பல் கேப்டன், வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கப்பலில் ஏறாத கேன்டீன்காரர் என்று துறைமுகத்தில் அத்தனை பேருக்கும் அவள் வேண்டாமக்கா. சும்மா வந்த பெயரா அது? வருஷக்கணக்காக ரேடியோவில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிச் சம்பாதித்தது. பட்டப்பெயர் வைப்பதில் கப்பல்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வேலை இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது. கரையிலிருந்து தீவுக்குத் தினமும் காலையில் ஒரு பயணிகள் கப்பல் போகும். மத்தியானம் தீவிலிருந்து கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். கோடையில் அந்தக் கடல் சாதுப் பசு. குளிர்காலத்தில் அதே பசு முட்டும், உதைக்கும். அதனால் டிக்கெட் கூடத்துக்கு மேலே, இரும்புச் சுற்றுப்படியில் ஏறிப் போனால் ஓர் அறை. மூன்று பக்கம் ஜன்னல், இரண்டு கணினித் திரை, சுவரில் காற்றழுத்தம் அளக்கும் ஒரு பாரோமீட்டர், ஓயாமல் கொதிக்கும் கெட்டில், காலடியில் ஹீட்டர். அங்கே உட்கார்ந்து காற்றழுத்த வரைபடத்தைப் பார்த்து, "போகலாம்", "வேண்டாம்" என்ற இரண்டில் ஒன்றைச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். சட்டப்படி முடிவு கேப்டனுடையது. ஆனால் அவள் வேண்டாம் என்ற நாளில் கயிற்றை அவிழ்க்கும் துணிச்சல் எந்தக் கேப்டனுக்கும் வந்ததில்லை. கடலுக்குப் பயப்படாதவர்கள்கூட அவள் வாய்க்குப் பயந்தார்கள்.

புருஷன் கிடைத்ததே ஒரு வேண்டாம் சொன்னதால்தான். அப்போது அவள் டிக்கெட் ஜன்னலில் இருந்தபடியே பரீட்சை எழுதித் தேறி, மேல் அறைக்குப் போன புதுசு. தீவில் ஏதோ ஒரு குளிர்பதன அறை கெட்டுப்போய்விட்டதென்று பழுது பார்க்கக் கிளம்பிய ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவன், கப்பல் இல்லை என்றதும் கருவிப் பெட்டியோடு படியேறி வந்துவிட்டான்.

"ஏங்க, வெளியில வெயில் அடிக்குது, நீங்க பாட்டுக்குக் கப்பலை நிறுத்தி வச்சிருக்கீங்க. கண்ணு தெரியுதா, இல்லையா?"

"கண்ணு நல்லாத் தெரியுது. உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

அன்று சாயங்காலமே காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்தது. மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்தான். கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? கெட்டில் சரியாகக் கொதிக்கவில்லை என்று கண்டுபிடித்து அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சில நாளில் கடல் அடங்கியது, மெக்கானிக் அடங்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. இன்றைக்கும் யாராவது கேட்டால், "புயலுக்கு ஒதுங்கினவன், அப்படியே தங்கிட்டேன்" என்பார் மனுஷர். குளிர்காலத்தில் யார் ஃபிரிட்ஜுக்காக அழுகிறார்கள்? அந்த மாதங்களில் சமையல், துவையல், வீடு பெருக்கல் எல்லாம் அவர் பொறுப்பு.

புயலைப் பற்றிச் சொல்லாமல் இவள் கதையைச் சொல்ல முடியாது. அவள் வேலைக்கு வந்தபோது குளிர்காலப் புயல்களுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. வருகிறோம் என்று முன்கூட்டியே ஆள் அனுப்பும். முதல் நாளே வானத்தில் மெல்லிசாக மேகம் இழையும், கடல் நீள நீளமாகப் புரளும், பாரோமீட்டர் முள் நிதானமாக இறங்கும். "ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்பது துறைமுகத்தின் எழுதாத சட்டம். முள் இறங்க ஆரம்பித்த பிறகும் கப்பல் தீவுக்குப் போய்த் திரும்ப அவகாசம் இருக்கும் என்று அர்த்தம். அந்தச் சட்டத்தை நம்பிக் கெட்டவர் அப்போது யாருமில்லை.

பிறகு அவசரப் புயல்கள் வர ஆரம்பித்தன. காலையில் வரைபடத்தில் பார்த்தால் கன்னக்குழி அளவுக்கு ஒரு காற்றழுத்தத் தாழ்வு. சாயங்காலம் பார்த்தால் அது பாதிக் கடலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். அடுப்பில் வைத்த பால் மாதிரிதான். முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது, ஒரு நிமிஷம் தலையைத் திருப்பினால் பொங்கி அடுப்பையே அணைத்துவிடும். இந்த ரகம் முன்னாலும் உண்டு. எப்போதாவது ஒன்று வந்தால் அடுத்த குளிர்காலம் வரை ஊர் அதையே பேசும். இப்போதோ பேசி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் மடிக்கணினியோடு வந்து கேட்டாள், "இந்தக் கடல்ல புயல் கூடிடுச்சுன்னு நினைக்கிறீங்களா மேடம்?"

"மொத்தத்துல கூடலம்மா. சில வருஷம் குறைஞ்சுகூட இருக்கு. ஆனா வர்றவங்கள்ல அவசரக்காரங்க ஜாஸ்தி. முன்னெல்லாம் நடுக்கடல்ல போய் ஆடுவாங்க, இப்ப நம்ம வாசலுக்கே வந்து ஆடறாங்க."

"செயற்கைக்கோள் படமும் அப்படித்தான் சொல்லுது. அதுக்கு முந்தின காலத்துக்குத்தான் சிக்கல். அப்ப கப்பல்காரங்க அளந்து சொன்னது மட்டும்தான் இருக்கு."

"அந்தச் சிக்கலுக்கு எங்க வாயும் ஒரு காரணம். நாங்க எச்சரிக்கை பண்ணப் பண்ணக் கப்பலெல்லாம் ஒதுங்கிப் போயிடுச்சு. புயலுக்கு உள்ள நின்னு அளக்க எவன் இருப்பான்? பந்தியில உட்காராம எல்லாரும் ஓடிட்டா, சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு யாரைக் கேட்கறது?"

ஆராய்ச்சிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அதனால்தான் நீண்டகாலக் கணக்கை அடித்துச் சொல்லாமல் யோசித்து யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாள். "நீங்க யோசிச்சுச் சொல்லலாம், எனக்குக் காலையில ஏழு மணிக்குச் சொல்லியாகணும்" என்றாள் வேண்டாமக்கா.

இப்படி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் வீட்டுக்கே வந்தது வினை. ஒரே மகள், மருந்துக்கடையில் மருந்தாளுநர். மாட்டுக்கு மருந்து வாங்க வந்தான் ஒரு கால்நடை டாக்டர். மாடுகளுக்கு அப்படி என்ன ஓயாத வியாதியோ, வாரா வாரம் வந்தான். பையன் தங்கம். குடி கிடையாது, கோபம் கிடையாது. சிடுசிடுக்கும் பூனைகூட அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குறை ஒன்றே ஒன்றுதான். அவன் தீவுக்காரன், தீவைவிட்டு வரமாட்டான். மகள்தான் போக வேண்டும், அந்தக் கடலைத் தாண்டி.

மற்ற தாய்மாருக்கு அது வெறும் தண்ணீர். இவளுக்கு அதன் குணம் அத்தனையும் அத்துப்படி. ஒருநாள் சமையலறையில் வாய் தவறி விட்டது: "ஏன்டி, கரையில மாடே இல்லையா? அங்க போய்த்தான் வைத்தியம் பாக்கணுமா அவன்?" மகள் அதை மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

பையன் வீட்டார் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. அன்று வேண்டாமக்கா வேண்டாம் என்றாள், சொன்னபடியே புயல் வந்தது. சரி, போகட்டும். அடுத்த மாதம் மறுபடி நாள் குறித்தார்கள். மறுபடியும் வேண்டாம் என்றாள். அன்று விடிந்தது பாருங்கள் ஒரு பொழுது! துடைத்து வைத்த தட்டு மாதிரி கடல், காற்று என்கிற பேச்சே இல்லை. வரவேண்டிய தாழ்வு வழியிலேயே கரைந்து போய்விட்டது. துறைமுகமே அவளைப் பார்த்துச் சிரித்தது.

தீவிலிருந்து போன் வந்தது. பையனுடைய அம்மா அங்கே பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ஊரையே கைகட்ட வைத்துப் பழகிய குரல். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா வாயால சொல்லிடலாமே. எதுக்கு நடுவுல கடலை இழுக்கறீங்க?"

போனுக்கு வெளியேயும் அதிர்ந்த அந்தக் குரலை மகளும் கேட்டாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க கேட்டதுல என்னம்மா தப்பு?" என்றாள்.

வாயாடி என்று பெயரெடுத்தவள் அன்று எழுந்து போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். அதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சந்தேகம் அவளுக்கே வந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னது வரைபடத்தைப் பார்த்தா, வயிற்றுக்குள் கிடக்கும் பயத்தைப் பார்த்தா? எத்தனையோ பேர் உயிரை நம்பி ஒப்படைத்த தன் கண்ணையே தன்னால் நம்ப முடியவில்லை என்றால், அந்த நாற்காலியில் உட்கார என்ன யோக்கியதை இருக்கிறது? ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவள் தட்டை அப்படியே தள்ளிவிட்டாள். "கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதேம்பாங்க, நீ கப்பலே கிளம்பாததுக்குக் கை வச்சிருக்கே" என்று கணவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். பலிக்கவில்லை.

மூன்றாம் தடவை நாள் குறித்தார்கள். காலையில் வானம் சுத்தம், கப்பல் தீவுக்குக் கிளம்பிப் போனது, அதில் எந்தத் தகராறும் இல்லை. மத்தியானம் திரும்பும் நேரத்துக்குத்தான் மேற்கே அந்தக் கன்னக்குழி தலைகாட்டியது. கணினிக் கணிப்புகளில் முக்கால்வாசி, அது சோம்பிப் போய்விடும் என்றன. ஒன்றே ஒன்று மட்டும், பொங்கும் என்றது. வெளியே தூரக் கடலில் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல் ஒன்று, தன் பாரோமீட்டர் வேகமாக இறங்குவதாகச் செய்தி அனுப்பியிருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் யோசனையே இல்லை. கப்பல் தீவிலேயே தங்கட்டும் என்று சொல்லிவிட்டு டீ போட்டிருப்பாள்.

ரேடியோவில் கேப்டன் வந்தார். அவள் டிக்கெட் கொடுத்த காலத்தில் கீழே கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் அவர். "அக்கா, உங்க சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் ஏறி உட்கார்ந்தாச்சு. அந்தம்மா என்னையே வரிசையில நிக்கச் சொல்றாங்க. கிளம்பட்டுமா?"

பக்கத்தில் கிடந்த போனில் மகளின் செய்தி: "இன்னைக்கும் உன் கையிலதானாம்மா?"

வேண்டாமக்கா அந்தச் செய்தியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி செய்தியைப் பார்த்தாள். ஒரு தடவை வந்துவிடலாம், அதற்கு நேரம் இருக்கும் என்று அந்தப் பழைய சட்டத்தை மனசுக்குள் தேடி எடுத்தாள். "வாங்க தம்பி" என்றாள்.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? நீங்க வேண்டாம்பீங்கன்னு நினைச்சு எல்லாருக்கும் டீ சொல்லிட்டேனே!"

"குடிச்சிட்டுச் சீக்கிரம் கிளம்புங்க."

கப்பல் பாதி வழி வருவதற்குள் சுவரில் இருந்த முள் இறங்கிய வேகத்தைப் பார்த்து, கருவி கெட்டுவிட்டதோ என்று விரலால் தட்டினாள். கெட்டால்தானே? தட்டத் தட்ட இன்னும் இறங்கியது. தென்மேற்கே ஜன்னல் கறுத்தது. பாலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், அதுவும் கேன்டீன்காரரே காதைப் பொத்திக்கொள்ளும்படியான வார்த்தைகளில்.

படியில் தடதடவென்று சத்தம். மகள். வரவேற்பதற்காக உடுத்திய நல்ல உடை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த அறைக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியே பார்த்தால் கப்பலின் விளக்கு தெரிந்தது. நல்ல நாளாக இருந்தால் டீ ஆறுவதற்குள் கரை சேர்ந்துவிடும் தூரம். ஆனால் தென்மேற்குக் காற்று அலையை நேராகத் துறைமுக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தது. வாயின் இரண்டு பக்கமும் அலைதடுப்புச் சுவர், நடுவே வெள்ளையாக நுரை.

"அக்கா, அலைக்கு அலை கொஞ்சம் இடைவெளி தெரியுது. நுழைஞ்சிடட்டுமா? உள்ள எல்லாரும் வாந்தி, குழந்தைங்க அழுவுதுங்க" என்றார் கேப்டன். குரலில் பழைய கேலி இல்லை.

"வரச் சொல்லும்மா! கண்ணுக்கு எதிரயே நிக்குதே, வரச் சொல்லு!" மகள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வேண்டாமக்கா திரையைப் பார்த்தாள். இந்தத் தடவை வேறு எதையும் பார்க்கவில்லை. புயலின் முகப்பு தாண்டியதும் காற்று வடமேற்குக்குத் திரும்பும். திரும்பிவிட்டால் சுவர் அலையை மறைத்துக்கொள்ளும். "வேண்டாம். திருப்பிக்கிட்டுப் போய்க் குன்று முனைக்குப் பின்னால நில்லுங்க. காத்து திரும்பும். திரும்பினதும் நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் யார் அழுதாலும் வராதீங்க."

விளக்கு மெல்லத் திரும்பிக் குன்றுக்குப் பின்னால் மறைந்தது. மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில கடலைப் பாத்துத்தான் அனுப்பினேன்டி. மத்தியானம் வாங்கன்னு சொன்னது கடலைப் பாத்து இல்ல. உன் மூஞ்சியைப் பாத்து."

"அப்ப போன தடவை?"

"போன தடவை கடலைப் பாத்துத்தான். இப்பத்தான் எனக்கே தெரியுது. மனசு இழுத்த பக்கம் போறது எப்படி இருக்கும்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு, அன்னைக்கு அப்படி இல்ல." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ரேடியோவை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு அழுதாள். மகள் எழுந்து வந்து அவள் காலடியில், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஜன்னல் வழியே, காற்றின் திசை காட்டக் கூரையில் பறந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், அவர்களுக்கு அது ஒரு யுகம். கொடி ஒரு தடவை தடுமாறி, படபடத்து, மெல்ல மறுபக்கம் திரும்பியது.

"தம்பி, இப்ப வாங்க."

கப்பல் உள்ளே வந்தது. உயிருக்கு ஒன்றும் சேதமில்லை. மானத்துக்குத்தான் சேதம், குறிப்பாக உடைகளுக்கு. கால்நடை டாக்டர் ஒரு குழந்தையை இடுப்பிலும் யாரோ ஒருவருடைய நாயைக் கையிலும் வைத்துக்கொண்டு இறங்கினான். அவனுடைய அப்பா பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவர் எப்போதும் அப்படித்தான். தலைமையாசிரியை மட்டும் முகம் வெளிறி, தலை கலைந்து, அந்தச் சுற்றுப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்தார்.

"இன்னைக்கு எங்களைக் கிளம்பச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"உள்ள வராதேன்னு நிறுத்தினது?"

"அதுவும் நான்தான். உங்க பேச்சுக்குப் பயந்து முதல் தப்பைப் பண்ணினேன் சம்பந்தியம்மா. மன்னிச்சிடுங்க."

அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "என் பேச்சுக்குப் பயந்தா பசங்க பரீட்சையில தேறுவாங்க. நீங்க எதுக்குப் பயப்படறீங்க? இனிமே யார் மூஞ்சியையும் பாக்காதீங்க, என் மூஞ்சியையும்தான். இப்ப எனக்கு ஒரு வாளி வேணும், எங்க இருக்கு?" என்றார். வாளியைக் கொண்டு வந்தவள் மருமகள். பேசி முடிப்பது என்பது அன்று அந்த வாளிக்கு மேலேயே முடிந்தது.

கல்யாணம் கோடையில் நடந்தது. மகள் தீவுக்குப் போய், அங்கே சின்னதாக ஒரு மருந்துக்கடை போட்டாள். மனுஷருக்கும் மாட்டுக்கும் ஒரே கடை, எதிரெதிர் அலமாரி. இலை உதிர்ந்தது, குளிர் வந்தது. வேலை நெருக்கத்தில் மகளால் வர முடியவில்லை. வேண்டாமக்கா வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, வீட்டில் மட்டும் காரணமில்லாமல் பாத்திரங்கள் மோதின. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருவதாகச் சொன்னாள் மகள். அப்பா அறையைக் கழுவித் தள்ளி, படுக்கை விரிப்பை மாற்றி, பிடிக்கவில்லை என்று மீண்டும் மாற்றினார்.

சனிக்கிழமை சாயங்காலம் வரைபடத்தில் மேற்கே ஒரு கன்னக்குழி. கணிப்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த தாய் அந்தக் குழியை முறைத்தாள், திட்டினாள், கெஞ்சினாள். அது அசையவில்லை. மகள் கூப்பிட்டாள்.

"நாளைக்கு ஏறட்டுமாம்மா?"

"வேண்டாம்டி."

"சரிம்மா."

மறுநாள் என்ன ஆயிற்று என்கிறீர்கள்? ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாவி, வழியிலேயே கரைந்து போனது. வெயில் பளீரென்று அடித்தது. கேப்டன் கீழேயிருந்து சட்டையைக் கழற்றிக் காய வைப்பதுபோல் அபிநயம் பிடித்தார். அப்பா மூன்று பேருக்கு ஆக்கி வைத்த சாப்பாட்டை இரண்டு பேரே சாப்பிட்டார்கள். சாயங்காலம் போன் வந்தது.

"என்னம்மா, அங்க வெயிலா?"

"கொளுத்துதுடி."

"இங்கயும்தான். அத்தை துணியெல்லாம் துவைச்சுக் காயப் போட்டுட்டாங்க."

குத்திக் காட்டப்போகிறாள் என்று காத்திருந்தாள். மகள் குத்திக் காட்டவில்லை. தாய்க்குத்தான் பொறுக்கவில்லை. "உன்னைப் பாக்கணும்போல இருக்குடி. மூணு மாசமா அதே நினைப்பா இருக்கு" என்றாள்.

"தெரியும்மா. அதான், நீ வேண்டாம்னு சொன்னதும் நம்பிட்டேன்."